பதினோராம் இடத்துப் பாட்டுகள்

கேசட்டின் பல்சக்கரத்துக்குள் சுண்டுவிரலை விட்டுத் தொய்ந்து கிடக்கும் நாடாவைச் சுற்றி இறுக்கி, பிளேயருக்குள் தள்ளி, அது 'கடக்' என்று உட்காருகிற சத்தம் கேட்ட பிறகுதான் மாஸ்டர் சீட் பெல்ட்டைத் தேடுவார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் அதற்குள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடலாமா கூடாதா என்ற யோசனையில் உட்கார்ந்திருப்பார். "வண்டி இன்னும் ஸ்டார்ட்டே ஆகலை. கையைத் தளர்த்துங்க, அது எங்கயும் ஓடிப் போயிடாது" என்பார் மாஸ்டர். அப்புறம் பாட்டு ஆரம்பிக்கும். ஓட்டுகிறவர் அதற்குமுன் கேட்டிருக்கவே முடியாத பாட்டு.

அந்தக் காரில் மாற்றாத சாமான் என்று பார்த்தால் அந்த கேசட் பிளேயர் ஒன்றுதான் மிஞ்சும். இருக்கை மாறிவிட்டது, கதவு மாறிவிட்டது, இன்ஜினையே ஒரு தடவை இறக்கி ஏற்றியாகிவிட்டது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் புதுசாக ஒன்று மாட்டித் தருவதாகச் சொல்வார். "இருக்கட்டும்" என்பதோடு மாஸ்டர் பேச்சை முடித்துக்கொள்வார். அவர் உட்காரும் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் அவர் மிதித்து நிறுத்த வேண்டும். அந்த மிதியால் அவருடைய ஒரு கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்னொரு செருப்பு புத்தம் புதிதாக இருக்க, தேய்ந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ச் செருப்புத் தைப்பவர் முன்னால் நிற்பார். அவரும் பழகிப்போய் ஒன்றும் கேட்பதில்லை.

காரில் பாட்டு எதற்கு என்று கேட்டால் மாஸ்டர் தொழில் ரீதியாக ஒரு காரணம் வைத்திருக்கிறார். சத்தமே இல்லாவிட்டால் புதிதாக ஓட்டுகிறவருக்குத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் விழுந்து பயம் இரட்டிப்பாகுமாம். சரி, எல்லோருக்கும் தெரிந்த நல்ல பாட்டாகப் போடலாமே என்றால் அதற்கும் பதில் உண்டு. "தெரிஞ்ச பாட்டுன்னா கால் தன்னால தாளம் போட ஆரம்பிச்சுடும். தாளம் போடுற கால்ல கிளட்ச் நிக்குமா?" கேட்பவர்கள் ஒத்துக்கொண்டுவிடுவார்கள். ஆனால் இது அவர் பிற்பாடு கண்டுபிடித்துக்கொண்ட சாக்கு. காரணம் வேறு.

அவருக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்த காலத்தில், வாரத்துக்கு ஒரு நாள் வானொலியில் அந்த வாரத்தின் பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடுவார்கள். வீடே வேலையை விட்டுவிட்டு ரேடியோவைச் சுற்றி உட்காரும். பத்தாவது பாட்டைப் போடுவதற்கு முன்னால் அறிவிப்பாளர் ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் சொல்வார்: இந்த வாரம் மயிரிழையில் இடம் தவறிய பாடல் இன்னது. பெயர் மட்டும்தான். பாட்டைப் போட மாட்டார். அக்காமார்களும் அண்ணன்களும் அதைக் காதிலேயே வாங்க மாட்டார்கள். கடைசிப் பிள்ளையான இவருக்கு மட்டும் மனசு அங்கேயே நின்றுவிடும். அந்தப் பாட்டு எப்படி இருக்கும்? பத்துப் பாட்டும் ஓடி முடிகிற வரைக்கும் ஓடாத அந்தப் பதினோராவது பாட்டையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இசைத்தட்டுக் கடையில் போய்க் கேட்டால், கடைக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து தூசி தட்டி எடுத்துக் கொடுப்பார். அப்படிச் சேர்ந்ததுதான் எல்லாம். பிறகு அவற்றைக் கேசட்டுகளில் பதிந்து, கேசட்டுகளைக் காரில் வைத்து, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலைக்கு வந்தபோது பாட்டுகளும் கூடவே வேலைக்கு வந்துவிட்டன. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைப் 'பதினொண்ணு மாஸ்டர்' என்பார்கள். அது அவருக்கும் தெரியும். கோபமில்லை.

ஒவ்வொரு பாட்டும் ஏன் தவறியது என்று அவருக்கு ஒரு கதை இருக்கிறது. 'ராங் நம்பர்' என்று ஒரு பாட்டு. ஆரம்பத்தில் டெலிபோன் மணி நிஜம்போலவே நெடுநேரம் அடிக்கும். வானொலியில் வேறொரு நேரத்தில் அதைப் போட்டபோது வீட்டுக்கு வீடு ஜனங்கள் எழுந்து ஓடிப்போய்த் தங்கள் போனை எடுத்து ஹலோ ஹலோ என்று கத்தினார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் பாட்டில் பாதி போயிருந்தது. இன்னொரு பாட்டில் பாடகிக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அதை அழிக்க மனசில்லாமல் விட்டுவிட்டார்கள். சோகப் பாட்டில் சிரிக்கிறாளே என்று ஜனங்கள் முகம் சுளித்துவிட்டார்கள். "அந்தச் சிரிப்புதான் பாட்டு. அது இல்லைன்னா அதுல என்ன இருக்கு?" என்று மாஸ்டர் இன்றைக்கும் அந்த ஜனங்களோடு மல்லுக்கு நிற்கிறார்.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிர், 'காயாத குடை' என்கிற பாட்டு. பஸ் நிறுத்தத்தில் நனைந்த குடைகளோடு நிற்கிற இரண்டு பேர், பஸ் வரக்கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொள்கிறார்கள். பாட்டு முழுவதும் அவ்வளவுதான் நடக்கிறது. அவசரமே இல்லாத மெட்டு. அது வெளியான சமயம் பார்த்து ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களிடம் போய் மழையில் நனைந்த கதையைப் பாடினால் யாருக்குப் பொறுக்கும்? மழை வந்து சேர்ந்தபோது வேறொரு பாட்டு இடம் பிடித்துவிட்டது. ரிவர்ஸ் எடுக்கப் பழக்கும்போது மாஸ்டர் இந்தப் பாட்டைத்தான் போடுவார். பின்னால் போவதற்கு நிதானம் வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்தக் கதைகளையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு அடங்காத ஆசை. ஆனால் தானாகச் சொல்லக் கூடாது, எதிராளி கேட்க வேண்டும் என்று ஒரு வீம்பு. "இது என்ன பாட்டு மாஸ்டர்?" என்று ஒரு வார்த்தை. அதற்காக இத்தனை வருஷமாகக் காத்திருக்கிறார். கற்றுக்கொள்கிறவர்களுக்கோ எதிரே வருகிற லாரியைத் தவிர உலகத்தில் எதுவும் தெரிவதில்லை. லைசென்ஸ் கையில் வந்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பொறுக்க முடியாதபோது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவராகவே கதையை ஆரம்பித்துவிடுவார். அந்தச் சமயம் பார்த்துக் கார் ஒரு குதி குதித்து நின்றுபோகும். கதையும் அங்கேயே நின்றுபோகும்.

அவர் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். கால்சட்டை நீளம் குறைப்பது, ரவிக்கை பிரித்துத் தைப்பது எல்லாம் அவர் வேலை. மெஷின் ஓடும்போது அவர் வாயில் ஊரெல்லாம் பாடிய பாட்டுகள் வரிசையாக ஓடும். இவர் சங்கதி அவருக்குத் தீராத வேடிக்கை. "ஊரே வேண்டாம்னு ஒதுக்கின பாட்டையெல்லாம் தத்தெடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டார்" என்று துணி கொண்டு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். மாஸ்டருக்குச் சுருக்கென்றிருக்கும். "ஒதுக்கலை. வாசப்படி வரைக்கும் வந்துச்சு, உள்ளே கூப்பிட யாருமில்லை. அதுக்காக அது விருந்தாளி இல்லைன்னு ஆயிடுமா?" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவருடைய காரில்தான் சிஸ்டர் வந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு முழுவதும் அவர் பொறுப்பு. டாக்டர்களே அவரிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார்கள் என்று கேள்வி. ஆனால் முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டன. நாளெல்லாம் நின்று வார்டு பார்க்க இனி முடியாது. வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் கட்டி மருந்து கொடுக்கிற வேலை ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. அதற்குத் தானே கார் ஓட்டத் தெரிய வேண்டும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்புறம் அதே வார்டு, அதே நிற்பு, அல்லது வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

வார்டையே ஒரு பார்வையில் அடக்குகிற சிஸ்டர், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததும் பாதியாகக் குறுகிப்போவார். தேர்வுக்குப் போய் ஏற்கெனவே தோற்றுத் திரும்பி வந்திருந்தார். ஒரு தடவை மேட்டில் வண்டி நின்றுபோனது. இன்னொரு தடவை ரிவர்ஸில் எல்லாம் சரியாக வந்து, கடைசி நிமிஷம் கம்பத்தை லேசாக இடித்துவிட்டார். "இதோ இவ்வளவுதான் மாஸ்டர்" என்று விரல் நுனியைக் காட்டினார். மயிரிழையில் தவறுகிறவர்கள் என்றால் மாஸ்டருக்கு இயல்பாகவே ஒரு பிரியம். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் நேரம் சிஸ்டருக்குக் கொடுத்தார். ரிவர்ஸையே திரும்பத் திரும்பப் பழக்கினார். 'காயாத குடை'யும் திரும்பத் திரும்ப ஓடியது.

ஒரு பிற்பகல், மைதானத்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து இன்ஜினை அணைத்தார். மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? இந்தப் பாட்டு..."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வந்துவிட்டது அந்தக் கேள்வி. தொண்டையைச் செருமிக்கொண்டார். தண்ணீர்ப் பஞ்சத்திலிருந்து ஆரம்பிப்பதா, பஸ் நிறுத்தத்திலிருந்து ஆரம்பிப்பதா என்று ஒரு கணம் திண்டாடினார்.

"இந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்திடலாமா?" என்றார் சிஸ்டர். "இது ஆரம்பிச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது. வீட்ல யாராவது குடையைக் கையில எடுத்தாக்கூட இது ஞாபகம் வந்து கை வேர்த்துப்போகுது."

"சரிங்க சிஸ்டர்" என்று கேசட்டை வெளியே எடுத்தார் மாஸ்டர். அன்றைக்கு அதற்கு மேல் 'இடது', 'வலது', 'மெதுவா' தவிர வேறு எதுவும் பேசவில்லை.

வீட்டுக்குப் போனவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மனைவி என்ன ஏதென்று கேட்டதும் நடந்ததைச் சொன்னார். சிஸ்டர் ஒருத்தருடைய விஷயமாக அது அவருக்குப் படவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் அந்த இருக்கையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள்! அவ்வளவு பேருக்கும் அவர்கள் வாழ்க்கையிலேயே அதிகம் நடுங்கிய நேரம் பார்த்து இந்தப் பாட்டுகளைப் போட்டிருக்கிறார். கேட்க ஆளில்லாமல் கிடந்ததாவது பரவாயில்லை. "நாலு பேருக்கு அறிமுகம் பண்ணி வெக்கிறேன்னு நெனச்சேன். பகை மூட்டி விட்டிருக்கேன்" என்றார்.

மனைவி கேலி செய்வார் என்றுதான் எதிர்பார்த்தார். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, ஊசியிலிருந்து நூலை விடுவித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "பொய் சொல்ல மாட்டேங்க. எனக்கும் அதுல ஒண்ணுகூடப் பிடிக்கலை. ஆனா சாயங்காலம் தெருமுனையில அந்தச் சத்தம் கேட்டா, நீங்க பத்திரமா வந்துட்டீங்கன்னு தெரிஞ்சுடும். வேற யாரும் அதைப் போட மாட்டாங்களே. எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்." மாஸ்டர் தலையை ஆட்டினார். மனசு நனைந்ததுதான். ஆனாலும் ஆறவில்லை. மறுநாள் காலையில் கேசட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்து மூடிவிட்டார்.

கார் ஊமையாகிவிட்டது. பிளேயர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக் உற்சாகமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாட்டு இருந்த இடத்தில் மாஸ்டரின் பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியைப் பாருங்க, காலை எடுங்க, ஏன் எடுத்தீங்க, கண்ணாடியைப் பாருங்க. சிஸ்டருக்கு ஓட்டம் முன்னேறவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. மாஸ்டர் மனசு நொந்துபோயிருக்கிறார் என்று மட்டும் சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. ஒரு பாட்டுக்காக ஏன் இவ்வளவு என்பது பிடிபடவில்லை. நோயாளிகளிடம் எதையும் பக்குவமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு, ஒரு பாட்டை நிறுத்தச் சொன்னதற்காக ஒரு மனிதரிடம் எப்படி வருத்தம் தெரிவிப்பது என்று தெரியவில்லை. சாலையைப் பார்த்தபடியே இருந்தார்.

மாதம் முடிகிற தறுவாயில் தேர்வு வந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வு அதிகாரியை ஓட்டுநர் பள்ளிக்காரர்கள் தங்களுக்குள் 'கல்லு' என்று சொல்வார்கள். அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சொல்லிக்கொடுத்தவர்கள் மைதானத்துக்குள் வரக் கூடாது, கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். மாஸ்டர் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கல்லு பக்கத்தில் ஏறி உட்கார, கார் நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சிஸ்டரின் உதடு அசைவது தெரிந்தது. வேண்டிக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து மாஸ்டரும் தன் பங்குக்கு வேண்டிக்கொண்டார்.

மேடு வந்தது. வண்டி நிற்கவில்லை. ரிவர்ஸ் வந்தது. கம்பங்களுக்கு நடுவே கார் பின்னோக்கி வந்த நிதானத்தைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற இன்னொரு பள்ளிக்காரர் கொட்டாவி விட்டார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சீராக வந்தது. கடைசிக் கம்பம் நெருங்கும்போது மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. மறுபடியும் திறந்தபோது கார் நடுவில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. கல்லு இறங்கி நேரே கயிற்றுப் பக்கம் வந்தார்.

"உங்க ஆளுங்க அழுது பார்த்திருக்கேன், மயங்கி விழுந்து பார்த்திருக்கேன்" என்றார். "இந்தம்மா ஏறினதுல இருந்து இறங்குற வரைக்கும் பாடிக்கிட்டே ஓட்டினாங்க."

"தப்புங்களா சார்?"

"பாடக் கூடாதுன்னு விதி எதுவும் இல்லை. பாஸ் பண்ணிட்டாங்க." அவர் நகரப் போனார். மாஸ்டர் விடவில்லை. என்ன பாட்டு என்று கேட்டார். கல்லு நின்று யோசித்தார். முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ தெரிந்தது. "தெரியலையே. நான் எங்கயும் கேட்டதில்லை. ஏதோ குடை, பஸ்ஸுன்னு வந்துச்சு. நல்லா இருந்துச்சு."

மாஸ்டர் கயிறு கட்டியிருந்த திண்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும்போது சிஸ்டர்தான் ஓட்டினார். அவரை ஓட்டக் கூடாது என்று இனி யாரும் சொல்ல முடியாதே. முகம் பூரித்திருந்தது. குழந்தைகளுக்கு ஊசி போடும்போது பாடச் சொல்வது வார்டில் வழக்கம், பாட்டு முடிவதற்குள் ஊசி முடிந்துவிடும், அதையே இன்றைக்குத் தனக்குச் செய்துகொண்டேன் என்று சொன்னார். மாஸ்டர் பிறகு தயங்கித் தயங்கி, "அந்தப் பாட்டு உங்களுக்கு வயித்தைக் கலக்குதுன்னு சொன்னீங்களே சிஸ்டர்" என்றார்.

"கலக்குச்சுதான். இன்னைக்கும் கலக்குச்சு" என்றார் சிஸ்டர். "முதல்ல வேற பாட்டுங்கதான் பாடிப் பார்த்தேன். எல்லாரும் பாடுவாங்களே, அந்தப் பாட்டுங்க. எடுத்தா எல்லாத்துலயும் முதல் ரெண்டு வரிதான் தெரியுது. அதுக்கு மேல வரலை. முழுசாத் தெரிஞ்ச பாட்டுன்னு பார்த்தா எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. சிஸ்டர் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கேசட் எங்கே என்று கேட்டார். டிக்கியில் என்றார் இவர். சிஸ்டர் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, சாலையோரம் பாங்காக ஒதுக்கி நிறுத்தினார். மாஸ்டர் இறங்கிப் போய்ப் பையைத் துழாவி எடுத்து வந்தார். சிஸ்டரே அதை வாங்கிப் பிளேயரில் செருகினார். கார் மறுபடி போக்குவரத்தில் கலந்தது.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் மழைச் சத்தம், பிறகு மெல்லிய தாளம், பிறகு ஒரு பெண் குரல். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இனிமேல் வீம்பு எதற்கு, யாரும் கேட்க வேண்டியதில்லை. "சிஸ்டர், இந்தப் பாட்டு வந்தப்ப ஊரெல்லாம் பயங்கரமான தண்ணீர்ப் பஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

சிஸ்டர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, விரலை உதட்டின் மேல் வைத்துக் காட்டினார்.